பழைய வாட்ச்சுக்குப் புது அழுக்கு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன மாதம் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு இனியும் தள்ளிப் போட முடியாது என்று தோன்றிவிட்டது.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) மலாயாவில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். 1962ல் பினாங்கில் ஒரு சுவிஸ் வாட்ச் வாங்கினார். தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் சாவி கொடுப்பார். அவர் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. போன மாதம் அது கை தவறிக் கீழே விழுந்து நின்றுவிட்டது. செக்காலை ரோட்டில் ஒரு பெரியவர் வாட்ச் ரிப்பேர் பார்க்கிறார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்து பார்த்தவர், "பேலன்ஸ் ஸ்டாஃப் முறிஞ்சு போச்சு தம்பி. இதுக்குச் சாமான் வராது. இதே மாடல்ல செத்த வாட்ச் ஒண்ணு கெடைச்சா கொண்டாங்க, கழட்டிப் போட்டுத் தர்றேன்" என்றார்.

அதே வாரம் நெட்டில் ஒரு செய்தி. ஐயாவின் வாட்ச்சைச் செய்த அதே கம்பெனி (பெயர் வேண்டாம், விடுங்கள்) 1960களின் மாடல் ஒன்றை "மறுபடியும்" கொண்டு வருகிறதாம். அதே டயல், அதே முள், அதே வளைந்த கண்ணாடி. விலை, நான் படிக்கிற மூன்று வருடப் படிப்புக்கு ஆகும் செலவை விட அதிகம். அச்சு அசலாகப் புது வாட்ச் செய்ய முடிகிறவர்களால் பழைய வாட்ச்சுக்கு ஒரு சின்ன ஊசி செய்து தர முடியாதா? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ கம்பெனி 'ஆஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பேட்டரி போட்டால் போதும், சாவி வேண்டாம், நேரமும் துல்லியம். 1970ல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் அது 30 ஆயிரத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிட்டது. பிழைத்து நின்ற கம்பெனிகள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டன: மணி பார்ப்பதற்காக இனி யாரும் விலை உயர்ந்த வாட்ச் வாங்கப் போவதில்லை, ஞாபகத்துக்காகத்தான் வாங்குவார்கள். அதனால் ஞாபகத்தை விற்க ஆரம்பித்தார்கள்.

2007ல் லாஞ்சின்ஸ் தன் பழைய டைவர் வாட்ச்சை 'லெஜண்ட் டைவர்' என்று கொண்டு வந்தது. 2017ல் ஒமேகா தன் 1957ஆம் வருட மாடல்கள் மூன்றை ஒரே நேரத்தில் மறுபடி வெளியிட்டது. பழைய வாட்ச்சுகளை ஸ்கேன் செய்து அளவெடுத்துச் செய்தார்கள்; ஒவ்வொன்றிலும் 3,557 மட்டும். அதே வருடம் செய்கோவும் தன் 1965 டைவரை 2,000 மட்டும் செய்து விற்றது. வஷரோன் கான்ஸ்டன்டின் 1977ல் செய்த '222' மாடல் 2022ல் தங்கத்திலும் 2025ல் எஃகிலும் திரும்பி வந்தது.

சுவிஸ்காரன் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? நமக்கும் பங்கு இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் ரொம்பக் காலம் இருந்த ஃபாவ்ர் லூபா கம்பெனியை 2011ல் டைட்டன் வாங்கியது. அந்த டைட்டன், டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் தொடங்கியது, தொழிற்சாலை ஓசூரில். பிறகு 2023ல் ஃபாவ்ர் லூபா கைமாறி ஈத்தோஸ் என்ற இன்னொரு இந்திய நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்குப் போய், 2024ல் பழைய மாடல் பெயர்களோடு மறுபடி களம் இறங்கியது.

சரி, இதெல்லாம் தேவையா? வாட்ச் பைத்தியங்களில் ஒரு கூட்டம் "கூடவே கூடாது" என்கிறது. கற்பனை வறண்டு போனவர்கள்தான் தாத்தா பெட்டியைக் குடைவார்கள் என்பது அவர்கள் வாதம். நான் இந்தக் கட்சி இல்லை. பழைய அச்சில் புதிதாகச் செய்வது தப்பென்றால் எங்கள் பக்கத்து ஊர் ஆத்தங்குடியை இழுத்து மூட வேண்டியதுதான். இன்றைக்கும் அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, கையால்தான் கல் செய்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் தாத்தா காலத்தில் பதித்த அதே பூ, அதே கட்டம். யாராவது கற்பனை வறட்சி என்றார்களா?

ஆனால் ஆத்தங்குடியில் ஒன்றைக் கவனியுங்கள். புதுக் கல்லை விற்கும்போது அதில் யாரும் செயற்கையாகத் தேய்மானம் போட்டுத் தருவதில்லை. கல் புதுசாகத்தான் வரும். வாங்கியவர் வீட்டில் பதித்து, நடந்து, துடைத்து, வருடக்கணக்கில் புழங்கப் புழங்கத்தான் அந்த மெருகு ஏறும். மெருகு வீட்டுக்காரர் சம்பாதிப்பது.

வாட்ச் கம்பெனிகள் செய்கிற முதல் அயோக்கியத்தனம் இங்கேதான் இருக்கிறது. பழைய வாட்ச்சுகளில் இருட்டில் தெரிவதற்காக முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசினார்கள், பிறகு ட்ரிட்டியம். அந்தப் பூச்சு நாற்பது ஐம்பது வருடத்தில் வெள்ளையிலிருந்து பழுப்பாக மாறும். இப்போதைய பூச்சில் கதிர்வீச்சும் கிடையாது, அந்த மாதிரிப் பழுப்பும் ஆகாது. அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆரம்பத்திலேயே பழுப்புச் சாயம் கலந்து பூசி விற்கிறார்கள்! அசல் வாட்ச் 1957ல் கடையில் இருந்தபோது அந்தப் பூச்சு வெளுப்பாகத்தான் இருந்தது. ஆக இது 1957ன் பிரதியும் இல்லை. இன்னொருவர் அதைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் வியர்வையிலும் கழித்த வாழ்க்கையின் பிரதி. அந்த வாழ்க்கைக்கு விலை போட இவர்கள் யார்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்திருக்கிறீர்களா? இடித்த வீடுகளின் மரத்தூண், கதவு, பீங்கான் சாமான், எனாமல் தூக்கு, சுவர்க்கடிகாரம் எல்லாம் அங்கே வந்து குவியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எதைத் தொட்டாலும் முதலில் கேட்பது "ஒரிஜினலா?" என்பதுதான். பழசுக்கு மரியாதை வருவதே அது பொய் சொல்லாது என்பதால். புதிதில் பழைய கறையைப் பூச ஆரம்பித்தால் அந்த மரியாதை எத்தனை நாளைக்கு?

இந்தக் கறை மோகம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில், டயல் பழுப்பேறிய ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023ல் அந்தக் கம்பெனியே வெளியே சொன்னது: அது பல வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒட்டிய கலவையாம், இதில் தன் முன்னாள் ஊழியர்களுக்கும் தொடர்பாம். செய்தவனே ஏமாறுகிறான் என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

இரண்டாவது அயோக்கியத்தனம், அந்த "3,557 மட்டும்". ஒரு நல்ல புத்தகம் வெகுநாள் கிடைக்காமல் இருந்து மறுபதிப்பு வந்தால் நமக்கு ஏன் சந்தோஷம்? இதுவரை நாலு பேரிடம் இருந்தது இனி எல்லோருக்கும் கிடைக்கும் என்பதால். வாட்ச்சில் இது தலைகீழ். கிடைக்காததை மறுபடி செய்து, அதையும் கிடைக்காமல் ஆக்குகிறார்கள். 1957ல் அவை இத்தனைதான் என்று எண்ணிப் பூட்டி வைத்த வாட்ச்சுகள் அல்ல, வேலைக்காகச் செய்த கருவிகள். ஒன்று டைவருக்கு, ஒன்று மோட்டார் பந்தயத்துக்கு, ஒன்று காந்தம் அதிகம் உள்ள இடத்தில் வேலை பார்ப்பவருக்கு. உழைத்தவன் கருவியை லாக்கர் சாமானாக மாற்றுவதற்குப் பெயர் மரபைப் போற்றுவதா?

"ஆடம்பரம் என்றாலே கொஞ்சம் பேருக்குத்தானே?" என்று கேட்கலாம். அதற்குத்தான் விலை இருக்கிறதே! கையால் செய்வதால் குறைவாகத்தான் செய்ய முடியும் என்றால் அது நியாயம். வருடத்துக்கு இருநூறு செய்யுங்கள், இருபது வருடம் செய்யுங்கள். செய்ய முடிந்ததைச் செய்யாமல் நிறுத்துவது பஞ்ச காலத்தில் நெல்லைப் பதுக்குகிற வேலை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரியது: உதிரி பாகம். பல பெரிய கம்பெனிகள் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு வெளியே பாகம் கொடுப்பதில்லை. ஐரோப்பாவில் வாட்ச் ரிப்பேர்காரர்களின் சங்கக் கூட்டமைப்பு ஒன்று 2004லேயே இதை எதிர்த்துப் புகார் கொடுத்தது. 2010ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் பேசி, மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2014ல் ஐரோப்பிய ஆணையம் மறுபடியும் புகாரைத் தள்ளியது. 2017ல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. பதின்மூன்று வருடம்! ஐரோப்பாவில் சங்கம் வைத்திருப்பவனுக்கே இந்தக் கதி என்றால் செக்காலை ரோட்டுப் பெரியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

"அறுபது வருடப் பழைய வாட்ச்சுக்குப் பாகம் செய்தால் கட்டுப்படியாகாது" என்பார்கள். 1839 முதல் தான் செய்த எந்த வாட்ச்சையும் சரி செய்து தருவதாகப் பட்டெக் ஃபிலிப் கம்பெனி சொல்கிறது. ஆக, மனம் இருந்தால் வழி இருக்கிறது. மொத்த வாட்ச்சையும் ஸ்கேன் செய்து அளவெடுக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்குள் இருக்கும் ஒரு அச்சை மட்டும் கடையத் தெரியாதா? சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் செய்வார்கள்தான். ஆனால் அந்த பில்லைக் கட்டுவதற்கு ஐயாவின் வாட்ச்சையே விற்க வேண்டி வரும் :-)

மறுபடி செய்வது என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டியவர் ஒரு தொழிலாளி. 1970களின் நடுவில், குவார்ட்ஸ் அலையில், ஜெனித் கம்பெனியின் அமெரிக்க முதலாளிகள் சாவி வாட்ச் செய்கிற அச்சுகளையும் கருவிகளையும் தூக்கி எறியச் சொன்னார்கள். சார்லஸ் வெர்மோ என்பவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டு போய்த் தொழிற்சாலைப் பரணில் ஒளித்து வைத்தார். 1980களில் 'எல் ப்ரிமெரோ' இயந்திரம் மறுபடி ஓடியது அந்தப் பரணால்தான். 1988லிருந்து சில காலம் ரோலெக்ஸின் டேடோனாவுக்குள்ளேயே அந்த இயந்திரம்தான் ஓடியது. அவர் கறையைக் காப்பாற்றவில்லை, செய்யும் முறையைக் காப்பாற்றினார்.

செய்யாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் எச்.எம்.டி. சாட்சி. அது ஆடம்பரம் இல்லைதான். 1961ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு ஆரம்பித்து, ஜனதா, பைலட் என்று வீட்டுக்கு வீடு சாவி வாட்ச் கட்டிவிட்ட கம்பெனி. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் பாசம் பொங்கியது. பழைய இயந்திரத்தின் மேல் புது டயலை அச்சடித்து ஒட்டிய "பைலட்"கள் ஆன்லைனில் உலகமெல்லாம் போகின்றன. நேர்மையாகச் செய்பவன் நிறுத்தினால் அந்த இடத்தில் பொய் வந்து உட்காரும். அதனால்தான் சொல்கிறேன், மறுபடி செய்வதே கூடாது என்பது என் கட்சி இல்லை.

செய்யுங்கள். ஆனால் புதுசைப் புதுசாகவே செய்யுங்கள். கறையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எண்ணிக்கை போட்டுப் பூட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஏற்கெனவே விற்ற வாட்ச்சுக்குப் பாகம் செய்து, கேட்கிற ரிப்பேர்காரருக்கு நியாயமான விலையில் கொடுங்கள். இதைச் செய்யாத கம்பெனி "பாரம்பரியம்" என்று விளம்பரத்தில் எழுதினால், பெற்ற தாயைத் திண்ணையில் பட்டினி போட்டுவிட்டு நடுவீட்டில் அவள் படத்துக்கு மாலை போடுகிறவனைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஐயாவின் வாட்ச் இப்போது என் மேஜை டிராயரில் 4.20 காட்டிக்கொண்டு கிடக்கிறது. பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு அந்தக் கடையில் உட்கார ஆள் இல்லை. பாகம் வருவதற்குள் அதைப் போடத் தெரிந்தவர் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. உங்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கே எடுத்துச் சாவி கொடுத்துப் பாருங்கள். ஓடாவிட்டால் உங்கள் ஊர்ப் பெரியவரிடம் கொண்டு போங்கள். அவர் இருக்கும்போதே.