மலை யாருக்கு? விதி யாருக்கு?

வெளிநாடுகளில் விடுமுறை நாளன்று சைக்கிளோடு மலையேறுவதும், காட்டுவெளியில் சிறு கூடாரம் அடித்து இரவைக் கழிப்பதும் வழக்கம். “ஆலையிலும் வயலிலும் எலும்பு தேயும் நமக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. பிரிட்டனில் இந்த உரிமைக்காகத் தொழிலாளி மக்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

மான்செஸ்டர் என்ற பெயர் பஞ்சாலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. அந்நகரத்துப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு எட்டும் தூரத்திலேயே கிண்டர் ஸ்கௌட் மலைவெளி இருந்தது. ஆனால் கால் வைக்க முடியாது! 19-ம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் அதை வளைத்துக்கொண்டார்கள். ஆண்டில் சில நாள் பறவை சுட்டு விளையாடுவதற்காக, ஆண்டு முழுவதும் தடியாட்கள் காவல்!

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 400 பேர் தடையை மீறி மலை ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு வயது 20. இளம் கம்யூனிஸ்ட் கழகத் தோழர். ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருந்ததால் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். கலகம், தாக்குதல் என்று வழக்குப் போட்டு ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். ராத்மனுக்கு நான்கு மாதம்.

தியாகம் வீண் போகவில்லை. 1949-ல் சட்டம் வந்தது. 1951-ல் அந்த மலைப் பிரதேசமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2002-ல், எழுபதாம் ஆண்டு விழாவில், டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் காலத்தில் நடந்த அநியாயத்துக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் போராட்டம் முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டுச் சட்டம் மலைவெளிகளில் நடக்க உரிமை தந்தது. சைக்கிளுக்கும் கூடாரத்துக்கும் தரவில்லை. கூடாரமடிக்க உரிமை மிஞ்சியிருந்த டார்ட்மூர் வெளியிலும் ஒரு பெரும் நிலச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். 2023 ஜனவரியில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. அந்த ஜூலையிலேயே மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் மக்கள் உரிமையையே ஏகமனதாக உறுதி செய்தது.

ஸ்காட்லாந்தைப் பாருங்கள். 2003-ம் ஆண்டுச் சட்டம் நடக்க, சைக்கிள் ஓட்ட, கூடாரமடிக்க எல்லாருக்கும் உரிமை தந்தது. நிபந்தனை ஒன்றுதான்: பொறுப்போடு நடக்க வேண்டும். கூட்டம் சிறிதாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்கக்கூடாது. வீட்டுக்கும் பயிருக்கும் விலகிக் கூடாரமடிக்க வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். சைக்கிளில் போகிறவர் நடப்போருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். பட்டியின் கதவைத் திறந்தால் மூட வேண்டும்.

இவை யாருக்காக? அந்தப் பயிரை விதைத்தவன், ஆடு மேய்ப்பவன், பின்னால் வரும் இன்னொரு தொழிலாளி—இவர்களுக்காக! ஆகவே இவை நமது விதிகள். “ஏழை வந்தால் குப்பை போடுவான், காட்டைக் கொளுத்துவான்” என்பதுதான் நிலப்பிரபுக்களின் பழைய வாதம். பொதுவெளியில் குப்பை போடுகிறவன், நிலப்பிரபுவின் கட்சிக்குச் சாட்சி சொல்கிறான்.

விதிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பொதுச் சொத்தைக் காப்பாற்றுவது. மற்றொன்று பொதுச் சொத்திலிருந்து மக்களை விரட்டுவது. முன்னதை யாரும் சொல்லாமலே கடைப்பிடிப்போம். பின்னதை, கிண்டர் ஸ்கௌட் தோழர்கள் செய்தது போல், ஒன்றுசேர்ந்து நின்று உடைப்போம். ஒரு விதி கண்முன் வந்தால், அது யாரைக் காக்கிறது என்று முதலில் கேளுங்கள்!