வாங்கிய குப்பி போதுமா?

2006இல் அந்தமானைச் சிக்குன்குனியா வாட்டிய கதையைக் கேட்டு லம்பா லைனில் வளர்ந்தவன் நான். உயிரணுவுக்குள் புகும் பல வைரசுகளின் ஆர்.என்.ஏ.வை இனங்கண்டு எச்சரிக்கும் காவலன் நம் உடலிலேயே உண்டு. ரிக்-ஐ என்னும் ஹெலிகேஸ் இனப் புரதம் அது. அதன் செயலைத் தனித்து ஆராயத் தூய்மையாக்கிய புரதம் வேண்டும். விலைக்கு வாங்கினால் நேரம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால், மனித மரபணுவைப் பாக்டீரியாவில் ஏற்றி, ஹிஸ்டிடின் வாலோடு புரதத்தை விளைவித்து, நிக்கல் பிசினில் பிடித்துப் பிரிக்கும் கலையை யார் கற்பது? கடல் கடந்து வரும் குப்பி வழியில் வெப்பம் பட்டால் வீண். கற்ற கைத்திறனோ எந்த வெயிலிலும் கெடாது! பட்ட வகுப்பிலேயே இதைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகத்தைக் கேட்கிறேன். இது மிகையா? நீங்களே சொல்லுங்கள்.