நாலு கிலோ நாய்க்குப் பச்சைக் கறி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்



போன பத்து நாளில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், வீட்டுல மின்பின் குட்டி வாங்கியிருக்கோம். பச்சைக் கறி கொடுத்தா நல்லா சுறுசுறுப்பா இருக்கும்னு வீடியோவுல சொல்றாங்க. கொடுக்கலாமா?" ஒருவர் திருத்தங்கல்லில் இருக்கும் பழைய மாணவர். ஒருவர் சென்னையில் இருக்கும் என் தங்கை மகள். மூன்றாமவர் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அவர் வீட்டில் தவழும் குழந்தை ஒன்று, சர்க்கரைக்கு இன்சுலின் போடும் அம்மா ஒருவர். போனில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறி கொடுங்கள், ஆனால் வேக வைத்துக் கொடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கும் வீட்டுக்கும் வேலை நேரத்துக்கும் பச்சைக் கறி ஒத்துவராது. அதுவும் குட்டி நாய்க்குச் சுத்தமாக ஒத்துவராது.

பச்சைக் கறிக்காரர்கள் சொல்வது என்ன? நாய் ஓநாயின் வாரிசு, ஓநாய் சமைத்தா சாப்பிட்டது என்கிறார்கள். இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். பச்சை எலும்பும் இறைச்சியும் சேர்ந்த அந்த உணவுமுறையைத்தான் இப்போது 'பார்ஃப்' என்கிறார்கள்.

வாரிசு என்பது சரி. ஆனால் வாரிசு மாறாமலே இருக்குமா? 2013இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள் மட்டுமே. நாய்களிடம் நாலில் இருந்து முப்பது வரை. மனிதனோடு சேர்ந்து சோறும் கூழும் தின்று தின்று வயிறே மாறிவிட்டது.

இதற்கு ஸ்வீடன் வரை போகவும் வேண்டாம். நம்ம மாவட்டத்து ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால் தலையே வெளியிட்டார்கள். சிப்பிப்பாறை இன்னொன்று. முயல் வேட்டைக்குப் போன நாய்கள்தான், ஆனால் தினமும் கறியா கண்டன? கம்பங்கூழும் கேப்பைக்கூழும் மோர் விட்ட பழைய சோறும்தான் அவற்றை வளர்த்தன.

அடுத்து, மின்பின் என்கிற மினியேச்சர் பின்சர். பலர் நினைப்பதுபோல இது டாபர்மேனைச் சுருக்கிச் செய்த நாய் இல்லை. டாபர்மேன் உருவாவதற்கு முன்பே ஜெர்மனியில் எலி பிடித்துக்கொண்டிருந்த தனி இனம். உயரம் ஒரு அடிக்கு முன்பின், எடை நாலைந்து கிலோ. ஒரு இடத்தில் நிற்காது. இதற்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்? வாத்தியார் என்பதால் கணக்குப் போடாமல் விடமாட்டேன்.

நாயின் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும்போது தேவைப்படும் கலோரி வரும். நாலு கிலோவுக்குச் சுமார் 200, முப்பது கிலோவுக்குச் சுமார் 900. கிலோ ஒன்றுக்குப் பிரித்தால் குட்டிக்கு 50, பெரிய நாய்க்கு 30. அதாவது சின்ன உடம்பு வேகமாக எரிகிறது. ஓடியாடும் நாலு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கலோரி பக்கம் வேண்டும். அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் எல்லாச் சத்தும் அடங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெரிய நாயைவிட இது சீக்கிரம் படுத்துவிடும்.

வெறும் கோழிச் சதையில் எது குறைகிறது? சுண்ணாம்புச் சத்து. நூறு கிராம் சதையில் கால்சியம் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்தான், பாஸ்பரஸோ அதைப்போல பதினைந்து மடங்குக்கு மேல். நாய்க்கு இரண்டும் ஏறத்தாழ சமமாக, அல்லது கால்சியம் சற்று அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். வளரும் குட்டிக்குக் கால் வளையும், துள்ளிக் குதித்தாலே எலும்பு முறியும். வெந்த கறியானாலும் கணக்கு இதுதான். "கறி மட்டும் போடுறேன் சார், ராஜா மாதிரி வளர்க்கிறேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அப்படின்னா எலும்போட கோழிக் கழுத்து போடலாமே" என்பார்கள். சின்ன நாய்க்குக் கழுத்துதான் தோது என்று பலரும் சொல்கிறார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பின்னங்கால் தளர்ந்து, பிறகு நாலு காலும் விழுந்துவிடும் ஒரு நரம்பு நோய் வந்த 27 நாய்களை, நோயில்லாத 47 நாய்களோடு ஒப்பிட்டார்கள். பச்சைக் கோழி தின்ற நாய்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு எழுபது மடங்குக்கு மேல். கேம்பைலோபேக்டர் என்ற கிருமி மேல்தான் சந்தேகம். சில நாய்கள் தேற ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். மூச்சுத் தசை வரை போனால் உயிருக்கே ஆபத்து. எல்லா நாய்க்கும் வரும் என்று பயமுறுத்தவில்லை, அரிய நோய்தான். ஆனால் வேக வைத்தால் அந்தக் கிருமி செத்துவிடும் என்கிறபோது எதற்கு இந்த விஷப்பரீட்சை?

இப்போது முக்கியமான விஷயம். நாயை விடுங்கள், வீட்டில் இருக்கும் மனுஷரைப் பாருங்கள்.

அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய சோதனையில், விற்பனைக்கு வந்த 196 பச்சைக் கறி செல்லப்பிராணி உணவுகளை ஆய்ந்தது. 15இல் சால்மோனெல்லா, 32இல் லிஸ்டீரியா. ஆறு பொட்டலத்துக்கு ஒன்றில் லிஸ்டீரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உறைய வைத்துப் பொட்டலமாக விற்ற சரக்கு அது. உறைய வைத்தால் கிருமி தூங்கும், சாகாது. அங்கேயே அப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை பாலித்தீன் கவரில் தொங்கவிட்டு பைக்கில் நாம் கொண்டுவரும் கறியைப் பற்றி என்ன சொல்ல?

நம்ம ஊர் நடைமுறையையும் யோசியுங்கள். காலையில் பட்டாசு ஆலை வண்டி வந்துவிடும். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் நாயின் தட்டு சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். கோடையில் நாற்பது டிகிரி. தோதான சூட்டில் ஒரு கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்று வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒன்று ஐந்து மணி நேரத்தில் முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டும். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை வேறு. ஃப்ரீசரில் இருக்கும் கறி உருகி, மறுபடி உறையும்.

அந்தத் தட்டை நக்கிய வாயோடு நாய் போய்க் குழந்தையின் முகத்தை நக்கும். நாய் ஆரோக்கியமாகவே தெரியும், ஆனால் அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். தவழும் குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கும் வீட்டில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

இன்னொன்று, ஆட்டு ஈரல், நுரையீரலை மிச்சம் என்று பச்சையாக நாய்க்கு வீசும் பழக்கம். அதில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் புழு வளரும். அதன் முட்டை மலத்தில் வந்து நம் கை வழியாக வயிற்றுக்குள் போனால், நம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். அறுவை செய்து எடுக்க வேண்டிய அளவுக்குக்கூட அது பெரிதாகும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. "பச்சைக் கறிக்கு மாறியதும் முடி பளபளக்குது, தெம்பா ஓடுது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் அந்த நாய் என்ன தின்றது என்று கேட்டுப் பாருங்கள். பால், பிஸ்கட், தயிர்ச்சோறு. புரதமே காணாத நாய்க்குக் கறி கிடைத்தால் தேறத்தானே செய்யும்? அந்தப் பெருமை கறிக்கு உரியது, பச்சைக்கு இல்லை. டப்பா உணவு விலை அதிகம் என்பதும் உண்மைதான். அதற்காக பரோட்டாக் கடை சால்னாவைச் சோற்றில் பிசைந்து வைப்பவர்களையும் பார்க்கிறேன். சால்னாவில் வெங்காயம், பூண்டு இருக்கிறது. இரண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாலு கிலோ நாய்க்குக் கொஞ்சமே அதிகம். பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். திராட்சை, சாக்லேட்டும் கூடாது.

சரி, என்னதான் கொடுப்பது? வளர்ந்த நாலு கிலோ நாய்க்கு, ஒரு நாளைக்கு ஏறத்தாழ இப்படி: எலும்பில்லாத வெந்த கோழி 100 கிராம், சோறு 75 கிராம், வெந்த கேரட்டோ பூசணியோ பீன்ஸோ ஒரு கைப்பிடி, அரை டீஸ்பூன் எண்ணெய். உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல். கழுவிக் காயவைத்து மாவாக இடித்த முட்டை ஓடு கால் டீஸ்பூனுக்கும் குறைவாக, கால்சியத்துக்கு. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். இதிலும் எல்லா வைட்டமினும் தாதுவும் வந்துவிடாது. அதற்கு என்ன சேர்க்க வேண்டும் என்பதை டாக்டர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். வளரும் குட்டிக்குக் கணக்கே வேறு, அதற்கு இந்த அளவைப் பின்பற்றாதீர்கள். முடிந்தால் குட்டிகளுக்கென்று விற்கும் முழுச் சத்துணவையே முதல் வருஷம் கொடுப்பது நல்லது.

பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே சாப்பாட்டையும் கேளுங்கள். பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊரும் வெயிலும் தெரியாத யாரோ வீடியோவில் சொல்வதைவிட, உங்கள் நாயைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் சொல்வது மேல்.

என் மாணவர்களில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் சேர்க்கவோ திருத்தவோ வேண்டியது இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம். குட்டி வாங்கியிருக்கும் மற்றவர்கள், இப்போது என்ன கொடுக்கிறீர்கள், எடை எவ்வளவு என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கலோரிக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்