பேசுவதனால் மூளை மாறுமா?



"மாத்திரை கொடுத்தால் விழுங்கிவிடலாம், ஐயா. வாரந்தோறும் ஒருவர் முன்னே அமர்ந்து பழங்கதை பேசுவதனால் என்ன ஆகப்போகிறது?" மனநல ஆலோசனைக்குச் செல்லுமாறு நான் கூறும்போது உங்களில் பலர் கேட்கும் கேள்வி இது. வேறு சிலர், விசுவாசிக்கு ஜெபம் போதாதா என்கிறீர்கள். இன்சுலின் போட்டுக்கொண்டே ஜெபிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். முதற்கேள்வியோ நியாயமானது. அதனையே இவ்வாரம் சிந்திக்க விழைகிறேன்.

சிறுபருவத்து அனுபவங்களும் நாமே அறியாத அச்சங்களும் நம்மை உள்ளிருந்து இயக்குகின்றன. நம்பத்தக்க ஒருவரோடு நெடுநாள் பேசி அவற்றை அறிந்துகொண்டால் அவற்றின் பிடி தளரும். உள இயக்க உளச்சிகிச்சையின் அடிப்படை இதுவே. இம்மரபைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்டு ஒரு நரம்பியல் மருத்துவர் என்பதைப் பலர் அறியார். மனத்தை நரம்பணுக்களைக் கொண்டு விளக்க 1895இல் ஒரு வரைவு எழுதி, பின்னர் அதனைக் கைவிட்டார். அன்றைய அறிவியல் அதற்குப் போதவில்லை. நம் நாட்டிலும் இம்மரபு புதிதன்று. கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

பிராய்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களுள் ஒருவர் தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் அவர். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டு இடக்கை செயலிழந்த நோயாளிகள் சிலர், தம் கை நன்றாகவே இருக்கிறது என்று சாதிப்பதுண்டு. தூக்கிக் காட்டுங்கள் என்றால் மூட்டுவலி என்பார்கள். இது என் கையே அன்று என்பாரும் உளர். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். அத்தகைய பெண்மணி ஒருவரின் இடக்காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தியபோது, சிறிது நேரத்திற்கு, தம் கை பல நாட்களாகவே செயலற்றிருப்பதாக ஒப்புக்கொண்டார். அதன் விளைவு நீங்கியதும் மீண்டும் மறுத்தார், ஒப்புக்கொண்டதையும் மறுத்தார். ஆக, உண்மை அவருக்குள்ளே எங்கோ பதிவாகியிருந்தது. நினைவின் மேற்பரப்புக்கு மட்டும் வரவில்லை. மறுத்தல், சாக்குக் கற்பித்தல் எனப் பிராய்டு விவரித்த தற்காப்புகளை இங்கே கண்ணாரக் காணலாம் என்று ராமச்சந்திரன் எழுதினார். குடியினால் குடும்பம் சிதைந்த பின்னும் "எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிற சகோதரரிடம் நாம் கோபங்கொள்வதற்கு முன் இதனை நினைவில் கொள்வது நல்லது. அவருடைய மூளையில் அத்தகைய காயம் இல்லைதான். ஆயினும் மறுப்பவர் எல்லாரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர் அல்லர்.

இனி, பேசுவதனால் மூளை மாறுமா? மாறும். உளப்பகுப்பாய்வாளராக விரும்பி மனநல மருத்துவம் பயின்ற எரிக் கேண்டல், பிறகு கடல் நத்தை ஒன்றை ஆராய்ந்து, கற்றல் நிகழும்போது நரம்பணுக்களுக்கிடையேயான இணைப்புகள் மாறுகின்றன என்று காட்டினார். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். உளச்சிகிச்சை பயன் தருமானால் அதுவும் இவ்வாறே மூளையை மாற்றித்தான் பயன் தருகிறது என்பது அவர் வாதம். அதே 2000ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, பழைய அச்ச நினைவு ஒன்று மீட்டெழுப்பப்படும்போது சிறிது நேரம் இளகி, மறுபடியும் பதிவாகவேண்டியிருக்கிறது என்று காட்டியது.

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டிடங்களில் வருகிறது. பேதுரு ஆண்டவரை மறுதலித்தது ஒன்றின் அருகே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனுக்கு உணவளித்து மூன்று முறை வினவியது மற்றொன்றின் அருகே. யோவான் நரம்பியல் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை! எனினும் அந்தப் புகையின் மணம் பேதுருவுக்கு எதனை நினைவூட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நடந்ததை மறந்துவிடு என்று ஆண்டவர் அவனிடம் கூறவில்லை. "மன்னித்து மறந்துவிடு" என்று அடிபட்டவரிடம் அவசரப்பட்டுக் கூறும் நாம்தான் இதனைக் கவனிக்கவேண்டும்.

பிராய்டு கூறிய அனைத்தையும் மூளை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்பாரை நம்பவேண்டாம். பெண்களைக் குறித்து அவர் கூறியவற்றுள் பல நிலைக்கவில்லை. மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நினைவு இளகக்கூடியது என்றால், தவறான கையில் அது வளையவும் கூடும். உள்ளான சுகம் அளிக்கிறோம் என்று, பயிற்சியேதுமின்றி, "உன் குழந்தைப் பருவத்தில் யாரோ உனக்குத் தீங்கு செய்திருக்கிறார்" என மேடையிலிருந்து சொல்லும் ஊழியர்களை நான் அஞ்சுகிறேன். நடவாத ஒன்றை நடந்ததாக ஒருவர் நம்பத் தொடங்குவதற்கு அத்தகைய தூண்டுதல் போதும். குடும்பங்கள் அதனால் உடைகின்றன.

ஏர்வாடி நமக்குத் தொலைவில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடைசெய்கிறது. அவர்களுடைய நோய்கள் பேச்சினால் மட்டும் தீர்பவை அல்ல, மருந்தும் வேண்டும். ஆனால் நோயை வெட்கமாகக் கருதி மறைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் அதேதான்.

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1992 முதல் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இந்நகரில் பணியாற்றி வருகிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆயினும் வாரம் ஒரு மணி நேரம், மாதக்கணக்கில், ஒருவரை அமர்ந்து கேட்பதற்கு ஆளும் இடமும் அரிது. தனியாரிடம் சென்றால் செலவும் மிகுதி. நம் ஞாயிறு பள்ளி அறைகளோ வாரத்தில் ஆறு நாட்கள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவருக்குத் திறந்துவிடும்படி அடுத்த சேகரக் கமிட்டியில் கேட்க இருக்கிறேன். வருகிறவர்கள் யார் கண்ணிலும் படாதபடி, பின்வாசலை ஒட்டிய அறையைக் கேட்கப்போகிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் கூட்டத்திற்கு முன்னரே என்னிடம் வந்து பேசுங்கள்.