இயக்கும் உரிமையும் பெண்மையும்

கலைகள் அறுபத்துநான்கென வகுத்த நம் முன்னோர் திரைப்படக்கலையைக் கண்டாரல்லர். கண்டிருப்பின், இயல் இசை நாடகம் மூன்றையும் ஒருங்கே தன்னுள் அடக்கிய இதற்கு எவ்விடம் நல்கியிருப்பரோ, அறியோம். இக்கலை தமிழகத்தில் வேரூன்றிய வரலாற்றில் நம் திருச்சிராப்பள்ளிக்கு இடமுண்டு. இங்குத் தென்னிந்திய இரயில்வேயிற் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊரூராகச் சென்று சலனப்படம் காட்டினார். எனினும், நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது இந்நகரத்து நாடகமேடையினின்று புறப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றியேயாம்.

அவர் டி. பி. இராஜலட்சுமி. திருவையாற்றில் 1911-இல் பிறந்த அவர், அறியாப் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பெற்றார், அம்மணவாழ்வும் நிலைக்கவில்லை. தந்தையை இழந்து, தாயுடன் திருச்சிராப்பள்ளியை அடைந்து, சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவால் சாமண்ணா அவர்களின் நாடகக்குழுவிற் சேர்ந்தார். பெண்வேடத்தையும் ஆடவரே புனைந்த அக்காலத்தில், குலப்பெண்ணொருத்தி மேடையேறுதல் எத்துணைப் பழிக்கு இடமாயிருக்குமென்று சொல்லவும் வேண்டுமோ?

1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படத்தின் நாயகி இவரே. அப்படத்தில் நாயகி தமிழிற் பேச, நாயகன் தெலுங்கில் விடையிறுத்தான்! நகைப்பிற்கிடமான இச்செய்தியில் ஓர் உண்மை உறைகின்றது. நடிப்பவர் தம் மொழியைச் செவ்வனே பேசலாம். எதிர்மொழி யாதாக வேண்டுமெனத் தீர்மானிப்பவர் வேறொருவர். புகழின் உச்சியிலிருந்த இராஜலட்சுமி நடிப்போடு அமையாது, 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே கதையெழுதி, தயாரித்து, நடித்து, இயக்கியதன் காரணம் இதுவே என்பது நம் துணிபு. பெண்ணின் உள்ளக்கருத்தைக் கேளாது முடிக்கும் மணமே அக்கதையின் பொருள். தம் வாழ்விற்பட்ட புண்ணைப் பிறர் வாயுரையாகவன்றித் தம் நோக்கிலேயே உலகிற்குக் காட்ட அவர் விரும்பினார் போலும். அப்படத்தின் பிரதி இன்று கிடைத்திலது. செயல் மட்டும் நின்று பேசுகின்றது.

"கலைக்கு ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமையுண்டோ?" எனச் சிலர் வினவுவர். கலைக்கு இல்லை, ஆனால் காணும் கண்ணிற்கு நிற்குமிடம் ஒன்றுண்டு. மணவறைக் காட்சியொன்றைப் படமாக்குங்கால், கருவியை மாப்பிள்ளையின் முகத்தெதிரே நிறுத்துவதா, குனிந்த தலையுடன் மணமகள் பற்றிய மாலையின் நடுக்கத்தெதிரே நிறுத்துவதா? கதை ஒன்றே, நிற்குமிடம் மாறின் நீதியே மாறும். அவ்விடத்தைத் தெரியும் உரிமைக்கே இயக்கமென்று பெயர்.

"பலரை ஏவி வேலைவாங்கும் ஆற்றல் மகளிர்க்கு உண்டோ?" என்பார்க்கு வரலாறே விடை. பானுமதி 1953-இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளிலும் இயக்கினார். சாவித்திரி 1969-இல் 'குழந்தை உள்ளம்' அளித்தார். நம் காலத்தே ஹலிதா ஷமீம் 2019-இல் 'சில்லுக்கருப்பட்டி'யைத் தந்தார். சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' 2020-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்குரிய தேசிய விருதைப் பெற்றது. ஆற்றல் குறைவன்று, வாய்ப்புக் குறைவே குறை.

நிற்க. அயலாரைக் குறைகூறுமுன் நம் முற்றத்தைப் பெருக்குதல் முறையன்றோ? தென்னூர் நெடுஞ்சாலையிற் சுவரொட்டிகளைக் கண்டவாறு கல்லூரிக்கு வரும் நாம், நம் கல்லூரிநாள் விழாவில் நிகழ்த்தும் நாடகம் எவ்வாறு உருவாகின்றது? சகோதரிகள் நடிக்கின்றனர், ஆடை தைக்கின்றனர், அரங்கையும் அணிசெய்கின்றனர். ஆயின் நாடகத்தைத் தெரிந்தெடுப்போரும் இயக்குவோரும் ஆண்டுதோறும் ஆடவராகிய நாமே. ஒத்திகையில் ஒரு சகோதரி, "இத்தாய் இவ்விடத்தில் அழமாட்டாள், வாளாவிருப்பாள்" என்று உரைத்தபோது நகைத்து விலக்கினோம். மேடையில் அத்தாய் அழுதாள், அவையோர் நகைத்தனர். நகைப்பிற்குரியோர் யாரென அன்று உணர்ந்தோம்.

ஆதலின், வருமாண்டு நாடகத்தைத் தெரிந்து இயக்கும் பொறுப்பை ஒரு மாணவியிடம் ஒப்புவிக்குமாறு நம் நாடகக் கழகத்தை வேண்டுகின்றோம். அந்நாடகம் சிறக்கலாம், சிறவாதும் போகலாம். அவ்விரு வாய்ப்பும் நமக்கு இத்துணைக்காலம் தடையின்றிக் கிடைத்தனவன்றோ?