தோற்பதற்கென்றே மேடையேறியவர்

2012 ஜூலை 12 ஆம் திகதி தாராசிங் மும்பாயில் காலமானபோது நான் வாசித்த அஞ்சலிக் குறிப்புகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்தது. இருநூறு கிலோ எடையுள்ள கிங்கொங்கைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றி எறிந்தவர் என்பதே அது. எறிந்தவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எறியப்பட்டவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன ஆனார் என்று ஒரு பத்தியேனும் எழுதியவர்கள் மிகச் சிலரே. ஆண்டுகள் பல கடந்தும் பத்திரிகைத் தொழிலில் ஊறியவன் என்ற வகையில் இது எனக்கு உறுத்தலாகவே இருந்து வருகின்றது.

பசறை, நமுனுக்குலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் எனது சிறுவயதில் இவ்விரண்டும் பட்டப்பெயர்களாகவே வழங்கின. கொழுந்து மூட்டையைத் தனியாளாகத் தூக்கி லொறியில் ஏற்றக்கூடிய இளைஞன் தாராசிங். பருத்த உடலும் முரட்டுக் குரலும் வாய்த்தவன் கிங்கொங். கொழும்புக்குப் போய்வந்த யாரோ ஒருவர் சொன்ன மல்யுத்தக் கதை லயத்துக்கு லயம் வளர்ந்தது. கிங்கொங் ஒரு வேளைக்கு ஒரு முழு ஆட்டைத் தின்பானாம் என்று பிரட்டுக் களத்தில் பேசிக்கொள்வார்கள். ஆட்டிறைச்சி தீபாவளிக்கு மட்டுமே கிடைத்த வீடுகளில் அது எத்தகைய ஆச்சரியத்துக்குரிய செய்தி என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கிங்கொங்கின் இயற்பெயர் எமில் சாயா. 1909 ஆம் ஆண்டில் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்தவர். முப்பதுகளிலேயே கீழைத்தேசங்களுக்கு வந்துவிட்டார். இந்தியா, மலாயா, சிங்கப்பூர், அவுஸ்திரேலியா என்று கோதா எங்கெல்லாம் கட்டப்பட்டதோ அங்கெல்லாம் அவர் இருந்தார். 1933 ஆம் ஆண்டு வெளியான ஹொலிவூட் படத்தின் இராட்சதக் குரங்கினது பெயரே அவருக்கு மேடைப்பெயராயிற்று. ஒரு மனிதனுக்கு மிருகத்தின் பெயரைச் சூட்டிவிட்டால் அவனை வெறுப்பதற்குச் சனங்களுக்கு வேறு காரணம் தேவைப்படுவதில்லை.

1928 இல் பஞ்சாப்பில் பிறந்த தாராசிங் நாற்பதுகளின் இறுதியில் சிங்கப்பூருக்குப் பிழைப்புத் தேடிச் சென்று, அங்கு ‘கிரேட் வேர்ல்ட்’ கேளிக்கைப் பூங்காவில் மல்யுத்தம் பயின்றவர். கிங்கொங்கைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவர். எடையும் சுமார் எழுபது கிலோ குறைவு. அழகர், சாந்தமான முகத்தினர். இத்தகைய கதாநாயகனுக்கு எதிரே நிற்க எத்தகைய ஆள் வேண்டும் என்பது டிக்கெட் விற்பவர்களுக்குத் தெரியாதா என்ன?

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது என்பது இன்று ஒளிவுமறைவான விடயமன்று. அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனமே 1989 இல் நியூ ஜேர்சி மாநிலச் சட்டமன்றத்தில், தாங்கள் நடத்துவது போட்டியன்று, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. வரிகளிலிருந்தும் கட்டுப்பாடுகளிலிருந்தும் தப்பிக்கவே அந்த வாக்குமூலம்!

அப்படியானால் எல்லாம் வெறும் நாடகந்தானே, அதில் தோற்றவனுக்கு என்ன மரியாதை என்று கேட்கும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இருநூறு கிலோ எடையுள்ள ஒருவர் தானாக இசைந்து கொடுக்காமல் அவரை எவராலும் தலைக்கு மேலே தூக்க இயலாது. அவர் சரியான கணத்தில் எம்ப வேண்டும். மேலே சென்றதும் உடலை விறைப்பாக்கிச் சமநிலை காக்க வேண்டும். சுழற்றும்போது தூக்கியவரின் கழுத்து முறியாதவாறு தமது பாரத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும். பின்னர் முதுகின் அகலம் முழுவதும் ஒரே வேளையில் பலகையில் படுமாறு விழ வேண்டும். ஓர் அங்குலம் தவறினால் முள்ளந்தண்டு போய்விடும். தாராசிங்கின் பலத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் பாதி வேலையைச் செய்தவர் மேலே கிடந்தவர். செய்ததோடு, தாம் எதுவுமே செய்யவில்லை என்று பார்ப்போரை நம்பவைத்தவரும் அவரே. ஒத்திகை பார்த்த தோல்வியாயினும் விழும்போது வலிக்கும் எலும்பு உண்மையானது.

வில்லனின் ஏனைய பணிகளும் இலகுவானவையல்ல. நடுவர் மறுபக்கம் திரும்பியிருக்கும் நேரம் பார்த்துக் கடிக்க வேண்டும், கண்ணில் விரலை விட வேண்டும், அடி வாங்கியதும் கைகூப்பிக் கெஞ்சி, மன்னித்தவனை முதுகில் தாக்க வேண்டும். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அவன் பொறுப்பு. கூட்டம் எப்போது பொறுமையிழக்கிறது, எப்போது கொதிக்கிறது என்பதை அவன் காதாலேயே அளந்துகொள்கிறான்.

மெக்ஸிக்கோவில் ‘லூச்சா லிப்ரே’ என்னும் முகமூடி மல்யுத்தத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு தனிப்பெயரே உண்டு. விதிகளை மீறுபவன் ‘ரூடோ’, விதிப்படி மோதுபவன் ‘டெக்னிக்கோ’. ரூடோக்களுக்கென்றே தனி இரசிகர் கூட்டமும் இருக்கின்றது. அந்நாட்டின் மாபெரும் நாயகனான, வெள்ளி முகமூடி அணிந்த எல் சான்ட்டோ 1942 இல் அந்தப் பெயரோடு களமிறங்கியதே ரூடோவாகத்தான். சான்ட்டோ என்றால் புனிதர் என்று பொருள். புனிதர் வில்லனாக இருந்து, பின்னர் அறுபதுகளில் நல்லவர் பக்கம் சேர்ந்தார். 1984 இல் அவர் இறந்தபோது முகமூடியுடனேயே அடக்கம் செய்தார்கள். அங்கே வில்லன் என்பது கழற்றி மாற்றக்கூடிய ஒரு வேடம். எமில் சாயாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. தாராசிங் கதாநாயகனாக நடித்து 1962 இல் வெளிவந்த ஹிந்திப் படத்துக்கே ‘கிங்கொங்’ என்றுதான் பெயர். பெயர் இவருடையது, புகழ் மற்றவருக்கு.

எம்.என். நம்பியாரை நம்மவர்கள் மறக்கவில்லை. திரையில் அவர் எம்.ஜி.ஆருக்குச் செய்த கொடுமைகளைக் கண்டு எங்கள் தோட்டத்துப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஆயினும் 2008 நவம்பரில் அவர் காலமானபோது, மது தொடாதவர், சைவ உணவுக்காரர், சபரிமலைக்கு ஆண்டுதோறும் சென்ற குருசாமி என்றெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகள் மனநிறைவோடு எழுதின. வேடத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. நம்பியார் நம்மவர் என்பதால் அது இலகுவாயிற்றோ என்னவோ.

ஏனெனில் மல்யுத்த மேடையில் வில்லன் வேடம் பெரும்பாலும் வெளியூரானுக்கே ஒதுக்கப்படுகின்றது. இந்தியாவில் ஹங்கேரிக்காரர் வில்லன். ஜப்பானில் இந்தியர் வில்லன். பஞ்சாப்பில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த டைகர் ஜீத் சிங் எழுபதுகளில் தலைப்பாகையோடும் வாளோடும் ஜப்பானிய அரங்குகளில் நுழைந்தபோது பார்வையாளர்கள் நாற்காலிகளை விட்டு ஓடினார்கள். 1973 இல் டோக்கியோவின் ஷின்ஜுக்கு வீதியில் அந்நாட்டின் நாயகன் அன்டோனியோ இனோக்கியை அவர் தாக்கிய சம்பவம் இன்றும் பேசப்படுகின்றது. கனடாவில் அவர் வாழும் மில்டன் நகரிலோ ஒரு பாடசாலைக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதே மனிதர்தான், கடல் கடந்ததும் வேடம் மாறிவிட்டது.

இதைப் படிக்கும்போது மலையகத்தவனாகிய எனக்கு எங்கள் கதையும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. தேயிலைக் காட்டில் உழைத்துக்கொண்டிருந்தவர்களை 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே எழுத்தில் அந்நியராக்கிற்று. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற பட்டப்பெயரும் சூட்டினார்கள். மல்யுத்த வில்லன் கூலி பேசி வேடம் கட்டுகிறான். ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். எங்களை எவரும் கேட்கவுமில்லை, உடை மாற்றும் அறையும் இருக்கவில்லை. நாடற்றவர் என்ற அந்த நிலை சட்டப்படி நீங்குவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கூட்டம் ஒருவனைப் பார்த்துக் கூவும்போது, கூவுவதற்கு முன் அவன் எந்த ஊரான் என்று நான் கேட்டுக்கொள்வது வழக்கம்.

எமில் சாயா முதுமையிலும் மல்யுத்த உலகை விட்டு விலகவில்லை. 1970 இல் மலேசியாவில் நேர்ந்த வாகன விபத்தொன்றில் படுகாயமுற்று, அதே ஆண்டில் சிங்கப்பூரில் மரணமானார். தாராசிங் 1983 இல் ஓய்வு பெற்று, தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்து, மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்து, நிறைவாழ்வு வாழ்ந்தார். அவரைப் பற்றி அறிய விரும்பும் பிள்ளைகள் இணையத்தில் தாராசிங் என்று தேடினால் போதும், வேண்டியதெல்லாம் கிடைக்கும். கிங்கொங் என்று தேடினால் குரங்குதான் முதலில் வருகின்றது. எமில் சாயா என்று தேட வேண்டும்.