டப்பாவின் சத்தம்



பிளாஸ்டிக் டப்பாவுக்குள் முப்பது மாத்திரைகள். பஸ் குலுங்கும்போது அவையும் குலுங்கும். பக்கத்து இருக்கைக்காரர் "என்ன மாத்திரை?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு அந்தக் கேள்வி போதும், வயிற்றைப் பிசைந்துவிடும். அதனாலேயே லேபிளைக் கிழித்துவிட்டு, மாத்திரைகளைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறவர்கள் உண்டு. முண்டியம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் அப்படி ஒருவர் நம் அருகிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்க 2004 ஏப்ரல் ஆகிவிட்டது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதைக் கொடுத்த முதல் மையங்களில் ஒன்று. இன்று விழுப்புரத்துக்காரர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் நிறை ஆயுள் வாழலாம்.

அந்த "விடாமல்" என்பது மருந்தாளுநரின் ஜன்னலில்தான் இருக்கிறது. மீந்த மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறவர் அவர். தூக்கம் வருகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டியவரும் அவரே. அவர் ஒருநாள் முகம் சுளித்தால், அடுத்த மாதம் அந்த நோயாளி வராமலே போகக்கூடும்.

அங்கே கிடைக்கும் சேவையை அளக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால், "திருப்தியா?" என்று ஐந்து கட்டம் போட்ட தாளை நீட்டினால் என்ன பதில் வரும்? அடுத்த மாதமும் அதே ஜன்னலுக்குத்தானே வந்தாக வேண்டும்! உயிர் காக்கும் மருந்தைக் காசில்லாமல் கொடுக்கிற கையைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? "நல்லாத்தான் இருக்குங்க" என்பார்கள். அதை நூற்றுக்குத் தொண்ணூறு என்று கணக்கெழுதிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

நடந்ததைக் கேட்க வேண்டும். எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள்? அன்றைய கூலி போனதா? முழு மாதத்துக்கும் மருந்து கிடைத்ததா, பத்து நாளுக்கு மட்டும் கொடுத்து மறுபடி வரச் சொன்னார்களா? பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்களா? படிக்கத் தெரியாத அம்மாவுக்கு எப்போது சாப்பிட வேண்டும் என்று யார் சொல்லித் தந்தார்கள்? ரகசியம் காப்பது சலுகை அல்ல. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் தரும் உரிமை.

இந்தக் கேள்விகளைக் கேட்பவர் மருந்து கொடுப்பவராக இருக்கக் கூடாது. 1998இல் சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழும் கௌசல்யா போன்ற பெண்கள் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்களே, அப்படி அதே வரிசையில் நின்று பழகியவர்கள் கேட்டால்தான் வாய் திறக்கும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாசகர்களில் அந்த ஜன்னலைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மருந்தாளுநர்களும் இருப்பீர்கள், உங்கள் பக்கத்துச் சிரமங்களும் எங்களுக்குத் தெரிய வேண்டும். எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், உறையில் முகவரியும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்